இஞ்ஞாசியம்மாள் ஏசிய பக்கம்

பாளையங்கோட்டை,
14 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

குமரகுருபரன் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. அதைப் பற்றி நீ பதிலில் ஒரு வார்த்தையும் எழுதக்கூடாது. அத்தானுக்கு மூட்டுவலி தேவலையா? ஜாம்ஷெட்பூரில் மழை உண்டா?

போனில் பேசினால் நாம் சண்டையில்தான் முடிக்கிறோம். கடிதம் என்றால் நீ சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே விழ முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

சேதி இதுதான். உன் தம்பி இங்கே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆகிவிட்டான். 'வருகைதரு பேராசிரியர்' என்று அறை வாசலில் பலகையே மாட்டியிருக்கிறார்கள். இத்தனை நாவல், இத்தனை விருது என்று எல்லாம் போட்டு ஒரு நோட்டீஸ் வேறு. ஒரு வருஷம் எம்.ஏ. தமிழ் பிள்ளைகளுக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுக்க வேண்டும். துறைத்தலைவர் பாபநாசம் நல்ல மனுஷர். என் புத்தகம் ஒன்றையும் படித்ததில்லை, அதனால் சுமுகமாகப் போகிறது.

முதல் வகுப்பில் நான் எப்படி எழுத வந்தேன் என்று இரண்டு மணி நேரம் பேசினேன். ஊசி விழுந்தால் கேட்கும். முடித்துவிட்டு, "கேளுங்கள்" என்றேன். சிவகணேஷ் என்று ஒரு பையன் எழுந்து, "சார், இது பரிட்சைக்கு வருமா?" என்றான். கடைசி பெஞ்சில், கடலோரத்து உவரியிலிருந்து வருகிற பெண் ஒருத்தி, ஃபெமினா என்று பெயர், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எல்லோரும் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த வகுப்பும் இதே கதைதான். நான் பேசுகிறேன், அவர்கள் தலையாட்டுகிறார்கள். ஆயுள் முழுக்கக் கணக்கு டீச்சராக இருந்தவள் நீ. பிள்ளைகளை எப்படி வாய் திறக்க வைப்பது? யாரிடமும் சொல்லாமல் எனக்கு மட்டும் எழுது.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
குமரன்


ஜாம்ஷெட்பூர்,
25 ஜூலை 2024

தம்பி குமரனுக்கு,

அக்கா ஞானம்பாள் ஆசீர்வாதம். இங்க எல்லாரும் சுகம். அத்தானுக்கு மூட்டு பரவாயில்ல, வாய்தான் கூடிப்போச்சு. சர்க்கரையப் பத்தி எழுதக்கூடாதுன்னு சொல்லிட்டே, எழுதல. சாயங்காலம் அல்வாக் கடைப் பக்கம் நடக்காதே. இது நடக்குறதப் பத்தி.

ஏலே, ரெண்டு மணி நேரம் உன்னப் பத்தியேவா பேசினே? கோட்டிக்காரா! கூடப்பொறந்த எனக்கே அவ்வளவு நேரம் கேக்க முடியாது. அந்தப் பிள்ளைகள் பாவம், என்ன செய்யும்.

சொல்லுதேன், கேளு. நீ எழுதினது எதையும் வகுப்புக்குள்ள கொண்டுபோகாதே. அதுங்க எழுதணும், அதுங்களே சத்தமா வாசிக்கணும், மத்த பிள்ளைகள் அபிப்பிராயம் சொல்லணும். எல்லாரும் சொல்லி முடிச்ச பிறகுதான் நீ. உன்னால வாய மூடிக்கிட்டு இருக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். ஒரு கிராம்ப எடுத்து நாக்குக்கு அடியில வச்சுக்கோ. காரம் சுள்ளுனு ஏறும், பேச வராது. பையன் தப்புக் கணக்கு போட்டுட்டு நிக்கும்போது நான் அதத்தான் செய்வேன். பாதிப்பேர் நான் வாயத் தொறக்கதுக்குள்ள தானே அழிச்சிட்டுச் சரியாப் போட்டிருவான்.

நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பப் பாத்துக்கோ.

ஞானம்பாள்


பாளையங்கோட்டை,
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு மாதம் எழுதவில்லை என்று கோபப்படாதே. வேலை அப்படி!

கிராம்பு வேலை செய்தது அக்கா! முதல் நாள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சார் கதையைக் கேட்டு உருகுகிறார் என்று நினைத்து, வாசித்த பையனும் அழுதுவிட்டான். ஆனால் இப்போது வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருக்கிறது. ராஜராஜேஸ்வரி என்று ஒரு பெண் நாங்குநேரியிலிருந்து வருகிறாள், ஒருத்தன் கதையையும் விடமாட்டாள். பிரித்து மேய்ந்துவிடுவாள். சிவகணேஷ் பரிட்சையை மறந்தே போனான். மணி அடித்தால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள். பக்கத்து வகுப்பு இலக்கண வாத்தியார் என்னை முறைத்துக்கொண்டு போகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் பெரிசு. கடைசி பெஞ்ச் ஃபெமினா ஒரு கதை எழுதினாள். அவள் அப்பா ஹென்றி வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். கச்சான் என்கிற மேல்காற்றில் வள்ளம் திசை மாறி, இரண்டு ராத்திரி வரவில்லை. கரையில் அம்மாவும் பிள்ளையும் நிற்கிறார்கள். அவ்வளவுதான் கதை. முப்பது வயதில் எனக்கு இப்படி எழுத வரவில்லை அக்கா, இப்போதும் வராது.

கொஞ்சம் தட்டிக்கொட்ட வேண்டியிருந்தது. செய்து, 'கரைவெளி' பத்திரிகைக்கு அனுப்பினேன். இந்த மாதமே போட்டுவிட்டார்கள்! தமிழ்நாடே பேசுகிறது. பிரதி இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டு எழுது, நீ என்ன சொல்கிறாய் என்று பார்க்கிறேன்.

உன் தம்பி,
பேராசிரியர் குமரகுருபரன் (சிரிக்காதே)


ஜாம்ஷெட்பூர்,
18 அக்டோபர் 2024

தம்பிக்கு,

ஆசீர்வாதம். இங்க எல்லாரும் சௌக்கியம்.

கதையப் படிச்சேன். அத்தானுக்கும் வாசிச்சுக் காட்டினேன். கரையில அந்த அம்மா தன் சேலத்தலப்பக் கடிச்சுக்கிட்டு நிக்கதும், பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருக்காம ஆறுதல் சொல்லுததும், எம்மா, நான் அங்கனயே நின்ன மாதிரி இருந்துச்சு.

ஆனா கடைசிப் பக்கம் அந்தப் பொண்ணு எழுதினது இல்ல. "மழை பெய்துகொண்டிருந்தது. கடல் எதையும் திருப்பித் தருவதாக இல்லை." இது நீ. ஏலே, உன் முதல் கதையில இருந்து படிச்சுக்கிட்டு வாரேன், எனக்குத் தெரியாதா? உன் புத்தகத்துல வெளியே போன ஒருத்தனும் வீடு திரும்பினது கிடையாது. ஒண்ணு மழை பெய்யும், இல்லாட்டி ரயில் போயிரும். கடலப் பாத்து இப்படிப் பெருமூச்சு விடுதது, ரெண்டு நாள் லீவுல கடல் பாக்கப் போறவன். அங்கனயே பொறந்து வளந்தவ இல்ல.

அவ என்ன எழுதியிருந்தா? நீ மாத்துனது அவளுக்குத் தெரியுமா? அனுப்புமுன்னே கேட்டியா?

இதுக்கு மட்டும் பதில் எழுது.

ஞானம்பாள்


பாளையங்கோட்டை,
2 நவம்பர் 2024

அக்காவுக்கு,

நலம். தீபாவளி வாழ்த்துகள்.

நீ கணக்கு டீச்சர். கதையில் முடிவு என்பது விடை சரிபார்ப்பது மாதிரி இல்லை. அவள் எழுதியிருந்ததில் அப்பா பத்திரமாக வந்துவிடுகிறார். அம்மா ஒரு பக்கம் முழுக்க அவரை ஏசுகிறாள். அதோடு முடிகிறது. சினிமா மாதிரி இல்லையா? வாசகனை வீட்டுக்கு அனுப்பக்கூடாது, கரையிலேயே நிறுத்த வேண்டும். நான் நிறுத்தினேன். இளம் எழுத்துக்கு மூத்தவன் செய்கிற உபகாரம் இது. எனக்கு அந்த வயதில் யாரும் செய்யவில்லை.

ஃபெமினா இரண்டு வாரமாக வகுப்புக்கு வரவில்லை. ஊரெல்லாம் காய்ச்சல். வந்ததும் பேசிக்கொள்கிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

குமரன்


பாளையங்கோட்டை,
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதிலே இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அத்தானுக்கு போன் செய்தேன், "அவ நல்லாத்தான் இருக்கா, உன் மேலதான் கோவம்" என்றார். கோபப்படு, உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்துவிடு.

ஃபெமினாவுக்குக் காய்ச்சல் இல்லை. போன வாரம் மாற்றுச் சான்றிதழ் கேட்டுத் துறைக்கு வந்தாள். என் அறையில் 'கரைவெளி'யை மேஜைமேல் வைத்து, "எங்க அப்பா வந்துட்டாரு சார். நீங்கதான் கொன்னுட்டீங்க" என்றாள்.

அவள் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் அந்தக் கதையைக் கோயில் வளாகத்தில் நாலுபேர் கூடியிருக்கும்போது பெருமையாக வாசித்திருக்கிறார். வள்ளம் திரும்பி வந்தது ஊருக்கே தெரியும். அச்சில் மட்டும் வரவில்லை. அவள் அம்மா இஞ்ஞாசியம்மாள், "பெத்த அப்பனப் பேப்பர்ல கொன்னவ" என்று சொல்லி, நேர்ச்சைக்குப் பூசை வைத்து, ஹென்றியைப் பல நாள் கடலுக்கே விடவில்லை. மகளோடு பேச்சு நின்றுபோயிற்று. "நான் எழுதல, சார்தான் மாத்துனாரு" என்று இவள் சொன்னால், "அவ்வளவு பெரிய மனுஷன் ஏம்ட்டீ மாத்தணும்? பொய் சொல்லுதியா?" என்கிறாளாம்.

ஃபெமினா படிப்பை விட்டுவிட்டு கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கணினியில் சரக்குப் பதிவு செய்கிற வேலை. "இனிமே எழுதமாட்டேன் சார், எழுதினா யாராவது திருத்துவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் எழுதாமல் போனால் அது என் தலையில்தான் அக்கா. நான் எவ்வளவு எழுதியும் ஈடாகாது. எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்ய, சொல்லு.

உன் தம்பி,
குமரன்


ஜாம்ஷெட்பூர்,
23 டிசம்பர் 2024

தம்பி குமரனுக்கு,

ஆசீர்வாதம். கோவம் இன்னும் இருக்கு, ஆனா நீ தூங்கலன்னு எழுதினதும் எனக்கும் தூக்கம் போச்சு.

உவரிக்குப் போ. கிறிஸ்மஸ் முடியட்டும், அவங்க வீட்டுல நல்ல நாள், நடுவுல போய் நிக்காதே. பொங்கல் கழிச்சுப் போ. போன் பண்ணி, "நான் எழுத்தாளர் பேசுதேன்"னு ஆரம்பிக்காதே. சால்வை கீல்வை ஒண்ணும் வேண்டாம். நேரே அந்த அம்மாகிட்ட, "மாத்துனது நான்"னு சொல்லு. ஏன்னு கேட்டா, வியாக்கியானம் பண்ணாதே. ஏசுனா வாங்கிக்கோ.

வாத்தியார் போய் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேக்கதான்னு உன் மனசுல ஓடும். எனக்குத் தெரியும் உன்ன. நான் பள்ளிக்கூடத்துல கேட்டிருக்கேன். கூரை ஒண்ணும் இடிஞ்சு விழல.

போய்ட்டு வந்து ஒண்ணுவிடாம எழுது. ஒண்ண மறைச்சாலும் எனக்குத் தெரிஞ்சிரும்.

ஞானம்பாள்


பாளையங்கோட்டை,
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் நல்லபடியாகக் கழிந்ததா? நீ அனுப்பிய சட்டை இடுப்பில் பிடிக்கிறது. அதைப் பற்றியும் எழுத வேண்டாம்.

நேற்று உவரிக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னால் அவர்கள் வீடு. ஹென்றி வாசலில் வலை பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல உயரம், தலை நரைத்துவிட்டது. யார் என்று சொன்னதும், "அட, என்னையக் கொன்ன ஆளு நீங்கதானா? வாங்க, உக்காருங்க" என்று சிரித்துக்கொண்டே நாற்காலி போட்டார்!

அந்த அம்மா சிரிக்கவில்லை. குசினியிலிருந்து கையில் கரண்டியோடு வந்து நின்றாள். "மாத்துனது நான்தாம்மா. உங்க மக எழுதினதுல அவரு வந்துட்டாரு" என்றேன். அப்புறம் ஆரம்பித்தாள் பார், அக்கா!

"ஏன்யா, எம் மவ பொய் சொல்லுதான்னுல்லா நெனச்சேன்! எத்தன நாளா அவ மூஞ்சப் பாக்காமக் கெடக்கேன்! நல்லா இருக்க மனுஷன சாவடிச்சா உமக்கு என்ன கெடைக்கு? பட்டமா, பதவியா? ரெண்டு ராத்திரி அந்தக் கரையில நின்னவ நானு. நீரா நின்னீரு?"

"அழகா இருக்கும்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டேன். நீ சொன்னது மறந்துபோய்விட்டது.

"செத்தாத்தான் அழகா? வந்தா அழகு இல்லியா?"

அவள் நிறுத்தவில்லை. என்னிலிருந்து ஹென்றிக்குத் தாவி, அன்றைக்குக் காற்று மாறுவது தெரிந்தும் போனதற்கு மறுபடி அவரை ஏசினாள். அவர் தலை குனிந்து சிரிக்கிறார். வாசலில் ஃபெமினா வந்து நிற்கிறாள். கேட்கக் கேட்க எனக்குப் புரிந்தது. நான் வெட்டியெறிந்த பக்கம் இதுதான்! சினிமா என்று சொன்னேனே, அது சுத்தமான தங்கம். அந்த ஏச்சுக்குள் அந்த இரண்டு ராத்திரியும் இருக்கிறது. அந்தப் பெண் அதைக் கேட்டுப் பிடித்திருக்கிறாள். நான் போய் அங்கே மழையைப் பெய்ய வைத்திருக்கிறேன், கூறுகெட்டவன்.

ஃபெமினாவிடம் மன்னிப்புக் கேட்டேன். தாயும் மகளும் என் கண்முன்னால் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்புறம் அந்த அம்மா, "சைவமாமே, எங்க வீட்டுல உமக்கு என்னத்தக் குடுக்க?" என்று அங்கலாய்த்து, பனங்கிழங்கு அவித்துக் கொடுத்தாள்.

ஆனால் ஃபெமினா திரும்பி வருவதாகச் சொல்லவில்லை. "நான் எழுதினது எழுதினபடி நாலு பேருக்கு முன்னால வரணும் சார். அதுக்கப்புறம் பாப்போம்" என்கிறாள். 'கரைவெளி' ஆசிரியரைக் கேட்டேன். ஒரு தடவை போட்டதைத் திரும்பப் போடுவதில்லை என்று சொல்லிவிட்டார்.

மார்ச் மாதம் இங்கே என் எழுத்தைப் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு. முடிவில் நான் ஏற்புரை பேச வேண்டும். அந்த நேரத்தில் அவளை வாசிக்கச் சொன்னால் என்ன? பாபநாசத்திடம் சொன்னேன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "துணைவேந்தர் உக்காந்திருப்பாரு சார், வெளியூர்ப் பேராசிரியர்கள்லாம் வாராங்க, உங்களப் பேச அழைச்சுட்டு ஒரு மாணவி வாசிச்சா என்ன நெனைப்பாங்க?" என்கிறார். நீ என்ன நினைக்கிறாய்?

உன் தம்பி,
குமரன்


ஜாம்ஷெட்பூர்,
2 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

ஆசீர்வாதம். சுகம். சட்டையப் பத்தி எழுதல.

கொடு. முழு நேரத்தையும் கொடு. அவள அறிமுகம் பண்ணுதேன்னு மைக்கப் பிடிச்சு பாதி நேரத்த நீ தின்னுறாதே. ரெண்டே வாக்கியம். உவரியில இருந்து ஊர்க்காரங்க வாரதுக்கு வண்டி ஏற்பாடு பண்ணு. அவங்கள பின்னாடி உக்கார வச்சிராதே.

பாபநாசத்துக்கு நெஞ்சு ஒண்ணும் ஆகாது.

ஞானம்பாள்


பாளையங்கோட்டை,
10 மார்ச் 2025, திங்கள், சாயங்காலம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம்! சர்க்கரைகூட நலம். கை ஓடமாட்டேன் என்கிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

சனிக்கிழமை சாயங்காலம் அரங்கம் நிறைந்துவிட்டது. இரண்டு நாளாக என்னைப் பற்றி வாசித்த கட்டுரைகளைக் கேட்டு எனக்கே கொட்டாவி. கிங்ஸ்லி என்பவருடைய வேனில் உவரிக்காரர்கள் வந்து இறங்கினார்கள், பெண்கள்தான் பாதிக்குமேல். முன்வரிசையில் உட்கார வைத்தேன். துணைவேந்தருக்கு அடுத்த நாற்காலியில் இஞ்ஞாசியம்மாள்! 'கரைவெளி' ஆசிரியரும் வந்திருந்தார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்குக்குப் போனேன். "ஃபெமினா எழுதிய கதையின் கடைசிப் பக்கத்தை அவளைக் கேட்காமல் மாற்றி அச்சில் விட்டேன், அது தப்பு. எழுதியவளே இப்போது எழுதியபடி வாசிப்பாள்." இரண்டே வாக்கியம், அக்கா. இறங்கி வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டேன். பாபநாசம் என்னைப் பார்க்கவே இல்லை.

ஃபெமினா முதலில் தடுமாறினாள். குரல் எழும்பவில்லை. ராஜராஜேஸ்வரி பின்னாலிருந்து, "சத்தமா வாசிட்டீ!" என்று ஒரு குரல் கொடுத்தாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். கரையில் நிற்கிற இடம் வந்தபோது உவரிப் பெண்கள் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். விடியுமுன் வெள்ளாப்பில் வள்ளம் தெரிகிறது. அப்பா இறங்குகிறார். அம்மா ஏசத் தொடங்குகிறாள். முதல் வரிக்கே அரங்கம் குபீரென்று சிரித்தது. அடுத்த வரிக்கு அதைவிட. வெளியூர்ப் பேராசிரியர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்கள். சிரிப்பா அழுகையா, அவர்களுக்கே தெரியவில்லை.

அப்போது இஞ்ஞாசியம்மாள் எழுந்துவிட்டாள். "ஏட்டீ, கொறச்சு எழுதியிருக்கியே! நான் இதுக்கு மேலயும்லா ஏசினேன்!" என்று மேடையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அங்கேயே ஹென்றி பக்கம் திரும்பி, விட்டதையெல்லாம் ஏசித் தீர்த்தாள். ஹென்றி எழுந்து கையெடுத்துக் கும்பிட்டு, "அதான் வந்துட்டேம்லா!" என்றார். அரங்கம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது! துணைவேந்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். பாபநாசமும் தட்டினார், நான் பார்த்தேன்.

ஃபெமினா மைக்கில், "அம்மா, உக்காரு. இன்னும் மூணு வரி இருக்கு" என்றாள். சத்தம் அடங்கியது. வாசித்தாள்.

"அப்பா சாப்பிட்டார். அம்மா ஏசிக்கொண்டே சோறு போட்டாள். அன்றைக்கு எங்கள் தெருவில் அதைவிட நல்ல சத்தம் எதுவும் கேட்கவில்லை."

என் வாழ்நாளில் இப்படி ஒரு முடிவு எழுதியதில்லை அக்கா. பொறாமைப்பட வேண்டியவன், சந்தோஷத்தில் விசில் அடித்துவிட்டேன். இந்த வயதில்! சிவகணேஷ் மிரண்டுபோனான். 'கரைவெளி' ஆசிரியர் மேடைக்கே ஓடி, அடுத்த இதழில் போடுகிறேன் என்று கேட்டார். "ஒரு எழுத்து மாத்தக்கூடாது, சம்மதமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தாளைக் கொடுத்தாள். என் பேச்சைக் கேட்க வந்தவர்களில் ஒருத்தர்கூட அன்றைக்கு என்னைத் தேடவில்லை. நானும் தேடவில்லை.

வேன் கிளம்பும்போது, "வகுப்புக்கு வருவியா?" என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நேற்று முழுக்க வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன்.

இன்று காலை வகுப்புக்குப் போனேன். ராஜராஜேஸ்வரி யாரையோ பிரித்து மேய்ந்துகொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்த நேரம் கதவு திறந்தது. தோளில் பை, தலையெல்லாம் பஸ் காற்றில் கலைந்திருக்கிறது. கம்பெனி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாளாம். இந்தப் பருவம் போனால் போகட்டும், அடுத்த பருவத்திலிருந்து முறைப்படி சேர்த்துக்கொள்கிறேன் என்று பாபநாசமே சொல்லியிருக்கிறார்.

அவள் முன்பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். "புதுசா ஒண்ணு எழுதியிருக்கேன் சார், வாசிக்கவா?" என்றாள்.

ஃபெமினா வந்துவிட்டாள் அக்கா.

உன் தம்பி,
குமரன்